முதலில் பல், பிறகு முகம்

துணிவு சார் வேலையை விட்ட கதையைக் கேட்டுக் கண் கலங்கியவர்கள் ஏராளம். அவர் வேலையை விடவே இல்லை என்று தெரிந்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். மனைவி, தங்கை, அப்புறம் மாதம் தவறாமல் அவருக்குச் சம்பளம் போடும் தண்ணீர் மோட்டார் கம்பெனி.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது ஒரு மண்டபத்தில், ஏதாவது ஒரு சங்கத்தின் சார்பில், அவர் மேடையேறுவார். ஓவியம் வரைய ஆசைப்பட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவர்கள், பாட ஆசைப்பட்டு மருந்து விற்கிறவர்கள், எழுத ஆசைப்பட்டு எதையுமே செய்யாதவர்கள் என்று கூட்டம் சேரும். துணிவு சார் முதலில் மைக்கைத் தட்டிப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார்.

"அன்னைக்குக் காலைல மேனேஜர் ரூமுக்குள்ள போனேன்" என்று தணிந்த குரலில் தொடங்குவார். "கழுத்துல தொங்கின அடையாள அட்டையைக் கழற்றினேன். அவர் மேஜை மேல வீசினேன். இந்தக் கயிறு இனிமே என் கழுத்துல ஏறாது!"

இந்த இடத்தில் தண்ணீர் குடிப்பார். அவர் குடித்து முடிக்கும்வரை மண்டபம் கைதட்டும்.

அட்டையை வீசியது உண்மை. கயிறு வசனத்தைச் சொல்ல நினைத்ததும் உண்மை. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "என்னப்பா, கிளிப் உடைஞ்சிடுச்சா? ஸ்டோர்ல போய் வேற வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டார். துணிவு சார் போய் வாங்கிக்கொண்டார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் போட்டார். மேடையில் கதை எப்போதும் தண்ணீரோடு நின்றுவிடும்.

கதை எழுத வேண்டும் என்றுதான் அவர் அன்றைக்கு வேலையை விடப் போனார். விட முடியாத சோகத்தில், வேலையை விடுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு 'குதித்துவிடு' என்று பெயர் வைத்தார். "இதைக் கிணத்துப் பக்கம் வச்சுடாதீங்க" என்றாள் மனைவி. அந்தப் புத்தகம்தான் அவரைத் துணிவு சார் ஆக்கியது. திங்கட்கிழமை காலையில் அவர் சட்டைக்கு அவள் பொத்தான் தைத்துக்கொண்டே, "இன்னைக்கு ஆபீசுக்கு லேட்டாகுமா, இல்ல இன்னைக்கும் ரிசைன் பண்ணிட்டுச் சீக்கிரம் வந்துடுவீங்களா?" என்று கேட்பாள். அவர் பதில் சொல்வதில்லை. மேடைப் பேச்சாளர்கள் வீட்டில் பேசினால் தொண்டை கெட்டுவிடும்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, கேள்வி நேரத்தில், நடு வரிசையிலிருந்து மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

மாப்பிள்ளை என்பது துணிவு சாரின் தங்கை கணவர். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தப் பட்டம் அவரை விட்டு இறங்கவில்லை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பொய்ப்பல் செய்துகொடுக்கும் லேப் ஒன்றில் அவர் வேலை பார்த்தார். நல்ல கைகாரர். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியைப் பார்க்காமல் பந்தியில் இருப்பவர்களின் வாயைப் பார்ப்பார். "அந்த ஓரத்துல சிரிக்கிறாரே, அந்தச் சிரிப்பு நம்மது" என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குக் காட்டிக்கொடுப்பார். சில காலமாக அவருக்குக் களிமண்ணில் தலை செய்யும் பைத்தியம் பிடித்திருந்தது. முழு ஆள் இல்லை, தலை மட்டும்.

"ஐயா" என்றார் மாப்பிள்ளை, மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. "நான் சிற்பம் செய்யறேன். நாளைக்குக் காலைல வேலையை விடலாமா, வேண்டாமா? சுத்தி வளைக்காம ஒரு வார்த்தை சொல்லுங்க."

துணிவு சார் மைக்கை இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். தங்கையின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. 'வீட்டுக்கு வாங்க மாப்பிள்ளை, பேசிக்கலாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டபம் முழுவதும் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, திரும்பவும் அவரைப் பார்த்தது. முன் வரிசையில் ஒருவர் கைதட்டுவதற்குத் தயாராகக் கையைப் பாதி தூக்கி வைத்திருந்தார். அந்த அந்தரத்தில் நின்ற கைகளைத் துணிவு சாரால் ஏமாற்ற முடியவில்லை.

"விடுங்க!" என்றார்.

திங்கட்கிழமை மத்தியானம் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவர் மேஜைத் தொலைபேசி அடித்தது. அந்தப் பிரிவில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதனால் ஹெட்செட்டைக் காதில் மாட்டியவுடன் குரல் தானாக இனிக்க ஆரம்பித்துவிடும்.

"வணக்கம், வாடிக்கையாளர் சேவை. சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

"புகார் ஒண்ணு கொடுக்கணும்."

குரல் தெரிந்தது. காலையிலிருந்து அவர் கைப்பேசியில் எடுக்காமல் விட்ட அதே குரல்.

"சொல்லுங்க மேடம்" என்றார், இனிப்பைக் குறைக்காமல். "எந்த மாடல்?"

"பழைய மாடல். சத்தம் மட்டும் வரும், தண்ணி வராது. என் அண்ணன்."

"மேடம், இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது..."

"நல்லாப் பதிவாகட்டும். எங்க வீட்டுக்காரர் காலைல லேப்ல போய் வேலையை விடறேன்னு சொல்லிட்டு வந்துட்டார். வெள்ளிக்கிழமை வரைக்கும் இடத்தைக் காலியா வச்சிருக்கேன், மனசு மாறினா வாங்கன்னு ஓனர் சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் வேற ஆள் வந்துடுவான். என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டியே அண்ணா! இத்தனை நாளா உன் மானத்துக்காக அவர்கிட்ட வாயைத் திறக்காம இருந்தேன். 'எங்க அண்ணன் வேலையை விட்டுட்டு எப்படி இருக்காரு பாருங்க'ன்னு நானே பெருமையடிச்சேன். இப்ப நீயே வந்து சொல்லு, நான் விடலைன்னு. சொல்லுவியா?"

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். துணிவு சார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது மேடம். எங்க ஆள் நேர்ல வந்து பார்ப்பார்."

"ஆள் வேண்டாம். நீ வா" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் போனார். போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம்' என்று தொடங்கி, மேனேஜர், கிளிப், ஸ்டோர் ரூம் என்று வரிசையாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தார். கதவைத் திறந்ததும் எல்லாம் சரிந்துவிட்டது.

வீடு முழுக்கத் தலைகள். சாப்பாட்டு மேஜையில் சாக்கு விரித்துக் களிமண். ஃப்ரிட்ஜ் மேல் மூன்று தலைகள். தையல் மெஷினில் 'தாயின் துயரம்'. வாஷிங் மெஷின் மேல் 'தனிமை'; உள்ளே துணி சுற்றும்போதெல்லாம் அது எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. தங்கை சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உதட்டை ஒன்றோடு ஒன்று அழுத்தி, ஒரு வார்த்தை பேசாமல், அண்ணனையே பார்த்தாள்.

"வாங்க மச்சான்!" என்றார் மாப்பிள்ளை. முழங்கைவரை மண். "கும்பிடக்கூடக் கை இல்லை. உட்காருங்க, உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுல 'வறுமை' காயுது."

"மாப்பிள்ளை, ஒரு சின்ன விஷயம்..."

"முதல்ல இதைப் பாருங்க." மாப்பிள்ளை ஈரத்துணி ஒன்றை உருவினார். உள்ளே இருந்தது துணிவு சார். பாதிதான் முடிந்திருந்தது. நெற்றி அகலமாக, முகவாய் தூக்கலாக, ஏதோ தூரத்து மலையைப் பார்ப்பது போல. வாய் நிறையப் பற்கள். லேபிலிருந்து கொண்டுவந்த நிஜமான பொய்ப்பற்கள், ஒன்றுவிடாமல் மின்னின.

"எப்பவும் நான் பல்லுலதான் ஆரம்பிப்பேன் மச்சான். பல்லு வரிசையை நிறுத்திட்டா, தாடை வந்துடும், கன்னம் வந்துடும், முகம் தானா வந்து உட்கார்ந்துக்கும். உங்களுக்குப் போட்டது எங்க லேப்லயே உசத்தியான செட்."

யாரும் துணிவு சாருக்குச் சிலை வைத்ததில்லை. வைப்பார்கள் என்று அவர் நினைத்ததும் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். உச்சி குளிர்ந்துவிட்டது. கிளிப்பும் ஸ்டோர் ரூமும் எங்கோ போய் ஒளிந்துகொண்டன.

"பின்வாங்கிடாதீங்க மாப்பிள்ளை" என்ற குரல் கேட்டது. யார் இப்படிப் பேசுவது என்று பார்த்தால், அவரேதான்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது திரும்பிப் பார்த்தார். தங்கை அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. புகார் சொல்ல வந்த ஒரு வாடிக்கையாளரிடம், "மன்னிச்சிடுங்க, எல்லாம் என்னாலதான்" என்று சொல்லிவிட்டார். மோட்டாருக்குள் எலி புகுந்ததற்குத் தான் எப்படிப் பொறுப்பாக முடியும் என்று பிறகுதான் யோசித்தார். வீட்டில் மனைவி, "ஒருத்தர் குடும்பத்தைக் கவுத்துட்டு என்ன முகரையை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க. என்ன ஆயிடும்? ரெண்டு மாலை குறையும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனார். இந்தத் தடவை ஒத்திகை பார்க்கவில்லை. உள்ளே நுழைந்து, நின்ற வாக்கிலேயே, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். அட்டை, கிளிப், கையெழுத்து எல்லாம். "நான் வேலையை விடலை மாப்பிள்ளை. இப்பவும் ஆபீஸ்ல இருந்துதான் வரேன். என் பேச்சைக் கேட்டு நீங்க மோசம் போகக் கூடாது."

மாப்பிள்ளை கையிலிருந்த மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தெரியுமே" என்றார்.

"என்ன தெரியும்?"

"எங்க மொட்டை மாடில இருக்கறது உங்க கம்பெனி மோட்டார்தான். போன வருஷம் கெட்டுப்போச்சு. புகார் நம்பருக்கு அடிச்சேன். எடுத்தது நீங்க. 'தங்கள் பொறுமைக்கு நன்றி'ன்னு சொன்னீங்க. மேடைல பேசற அதே குரல், அதே இழுவை. ரெண்டாவது நாளே ஆள் வந்து சரி பண்ணிட்டான். நல்ல சர்வீஸ் மச்சான்."

"அப்ப ஏன் ஹால்ல எந்திரிச்சு என்கிட்ட கேட்டீங்க?"

"உங்ககிட்டயா கேட்டேன்? அவ்வளவு பேர் முன்னாடி வாயால சொல்லிட்டா, அப்புறம் லேப்புக்குத் திரும்பிப் போக வெட்கமா இருக்கும்ல? அதுக்காகக் கேட்டது. நீங்க வேண்டாம்னு சொல்லியிருந்தாலும் விட்டிருப்பேன்."

துணிவு சாருக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் கோபம் வந்தது. ஒரு குடும்பத்தையே கவிழ்த்துவிட்டோம் என்று வாரம் முழுக்கப் பட்டினி கிடந்தவரிடம், நீ அங்கே வெறும் மைக் ஸ்டாண்டுதான் என்றால் யாருக்குத்தான் வலிக்காது?

"ஆனா நான் விட்டதுக்கு நீங்க காரணம் இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை. இப்போது மண்ணை உருட்டுவதை நிறுத்தியிருந்தார். "போன மாசம் இங்க வந்தீங்க. எல்லாத்தையும் காட்டினேன். 'உயிர் இருக்கு மாப்பிள்ளை, உயிர் இருக்கு'ன்னு சொன்னீங்க. மேடைல நீங்க எவ்வளவு அளந்தாலும் நான் பாதிதான் எடுத்துக்குவேன். ஆனா இது வீட்டுக்குள்ள, மைக் இல்லாம, எனக்கு மட்டும் சொன்னது. அதை வச்சுத்தான் விட்டேன். அது நிஜம்தானே மச்சான்?"

துணிவு சாருக்கு அந்த நாள் நினைவிருந்தது. கூட்டத்துக்குப் போடும் பேனரில் எந்தப் போட்டோ போடுவது என்று யாரோ செய்தி மேல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், எதிரே நீட்டப்பட்ட ஏதோ ஒன்றைப் பார்த்து அவர் சொன்ன வார்த்தை அது. உயிர் இருக்கிறதா, மயிர் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. வாரம் முழுக்க அவர் தூக்கிச் சுமந்தது தப்பான பாவத்தை. சரியான பாவம் இங்கே ஃப்ரிட்ஜ் மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லட்டுமா?" என்றார்.

மாப்பிள்ளையின் முகம் லேசாகச் சுருங்கியது. அந்த நேரம் அவருடைய கைப்பேசி அடித்தது. லேப் ஓனர். மாப்பிள்ளை பால்கனிக்குப் போய்ப் பேச ஆரம்பித்தார்.

துணிவு சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். தாய் துயரத்தில் முப்பத்திரண்டையும் காட்டிக்கொண்டிருந்தாள். 'வறுமை' பற்பசை வாங்கச் சொன்னது. 'தனிமை'யைப் பார்த்தால் அதற்கு நண்பர்கள் ஏராளம் என்று தோன்றியது. கண்ணும் நெற்றியும் பரவாயில்லை. ஆனால் உள்ளே அத்தனை பற்களை நிறுத்திய பிறகு உதடு மூடவே இடமில்லை. எல்லா முகமும் அந்தப் பற்களுக்குப் பெட்டியாக இருந்தது. அவருடைய சொந்தத் தலையும்தான்.

ஜன்னலோரம், மூலையில், இன்னொரு ஈரத்துணி. தூக்கிப் பார்த்தார்.

தங்கை. ஆனால் அவருக்குத் தெரிந்த தங்கை இல்லை. கண்ணுக்குக் கீழே சதை லேசாகத் தளர்ந்து, ஒரு புருவம் மட்டும் கொஞ்சம் ஏறி, ஒருவர் பேச்சை ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்து அலுத்துப்போன ஒரு பார்வை. இன்னும் வாய் வைக்கவில்லை. மூக்குக்குக் கீழே வெறும் மண்தான். இந்த ஒன்றை மட்டும் மாப்பிள்ளை என்ன காரணத்தாலோ கண்ணிலிருந்து ஆரம்பித்திருந்தார். துணிவு சார் அதன் எதிரே நின்றார். இத்தனை வருஷத்தில் தங்கையின் முகத்தை இவ்வளவு நேரம் அவர் பார்த்ததே இல்லை. துணியைப் பழையபடி போட்டு மூடினார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தார். "ஓனர்தான். வர்றேனா இல்லையான்னு இன்னைக்கே தெரியணுமாம். சொல்லுங்க மச்சான். எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

தங்கை டீயோடு வாசலில் நின்றாள். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"எல்லாரும் பல்லைக் காட்டறாங்க மாப்பிள்ளை."

"அது... முகம்னா பல்லு இருக்கும்ல?"

"இருக்கும். உள்ள இருக்கும். இந்தத் தாய் அழறாங்களா, பல் விளம்பரத்துக்கு வந்திருக்காங்களா?"

மாப்பிள்ளை சிரித்தார். பிறகு தையல் மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு மெல்ல மெல்ல அவர் முகத்திலிருந்து கழன்றது. ஃப்ரிட்ஜைப் பார்த்தார். வாஷிங் மெஷினைப் பார்த்தார். வீட்டுக்குள் இத்தனை பேர் தன்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தவர் மாதிரி நின்றார்.

"எல்லாமேவா மச்சான்?"

இதுதான் இடம். 'இல்லை, ஒன்று மட்டும் அப்படியில்லை' என்று சொன்னால் போதும். சொன்னால் மாப்பிள்ளை லேப்புக்குப் போக மாட்டார். தங்கையின் கையில் டம்ளர் லேசாக ஆடியது.

"எல்லாமே" என்றார் துணிவு சார்.

மாப்பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு வந்தார். நகத்துக்குள் இருந்த மண்ணை எடுக்க ரொம்ப நேரம் ஆனது. சட்டையை மாற்றிக்கொண்டு, "ஓனரைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தங்கை டீயை அண்ணன் கையில் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. "உன்னை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன். இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை அண்ணா. நீ நிஜமாவே துணிவு சார்தான்."

அவர் டீயைக் குடிக்காமல் ஃப்ரிட்ஜ் மேல், தலைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவர் முழுக் கதையையும் சொன்னார். தண்ணீர் குடிக்காமல், மேனேஜரின் வசனத்தையும், ஸ்டோர் ரூமையும், கையெழுத்தையும் சொன்னார். தன்னை எல்லோரும் கல்லால் அடிப்பார்கள் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு கைதட்டல் அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. சங்கச் செயலாளர் பொன்னாடையைப் போர்த்திக்கொண்டே காதில், "கிளிப் ஜோக் புதுசா சார்? பிரமாதம். அடுத்த மாசமும் நீங்கதான்" என்றார். உண்மையைச் சொன்னாலும் ஒட்டாமல் போகும் அளவுக்குத் தன் வாய் பொய்க்குப் பழகிவிட்டது என்று துணிவு சாருக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை தங்கை கைப்பேசியில் கூப்பிட்டாள். குரலில் அவ்வளவு லேசு. "லேப்புக்குப் போயிட்டார் அண்ணா. எல்லாத் தலையையும் உடைச்சு மூட்டை கட்டியாச்சு. உன் தலையை மட்டும் வச்சுக்கலாமான்னு கேட்டேன், அதையும் சேர்த்துத்தான் உடைச்சார். ஜன்னல்கிட்ட ஒண்ணு பாக்கி இருக்கு. அதை மட்டும் முடிச்சிட்டு நிறுத்திக்கறேன்னு சொல்றார். சாயங்காலம் பல்லு எடுத்துட்டு வந்து வச்சுட்டா முடிஞ்சுதாம். முடியட்டும், பாவம்."

துணிவு சார் கைப்பேசியை வைத்துவிட்டு ஹெட்செட்டைக் கழற்றினார். மேனேஜர் அறைக்குள் போனார். "வெளிய போகணும்" என்றார். "போ" என்றார் மேனேஜர்.

பல் லேப் ஒரு குறுகலான மாடி அறை. வரிசையாக மேஜை, மேஜைக்கு ஒரு விளக்கு, விளக்குக்குக் கீழே குனிந்த ஒரு தலை. ராட்டினம் மாதிரி சின்ன இயந்திரங்கள் கிறீச்சிட்டன. மாப்பிள்ளை முகமூடி போட்டுக்கொண்டு, நிறவாரியாகப் பிரித்த தட்டிலிருந்து பற்களை இடுக்கியால் எடுத்து ஒரு துணியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்தார். முகமூடியை இறக்கினார்.

"வாங்க மச்சான். இது உங்க தங்கச்சிக்கு. இந்த ஷேடு சரியா வரும்ல?"

"வைக்காதீங்க!"

கத்திவிட்டார் போலிருக்கிறது. எல்லா இயந்திரமும் நின்றது. எல்லாத் தலையும் நிமிர்ந்தது. யாரும் கைதட்டவில்லை.

"அதுல பல்லு வைக்காதீங்க மாப்பிள்ளை" என்றார் துணிவு சார், இப்போது தணிந்த குரலில். "எல்லாமேன்னு சொன்னேனே, அது பொய். துணியைத் தூக்கி அதைப் பார்த்தேன். என்னால அங்க நிக்க முடியலை. அது நல்லா இருக்கு. நீங்க செஞ்சதுலயே அது ஒண்ணுதான் நல்லா இருக்கு."

மாப்பிள்ளை இடுக்கியைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "பார்த்துட்டா சொன்னீங்க, எல்லாமேன்னு?"

"ஆமா."

"ஏன்?"

"சொன்னா நீங்க இங்க வந்திருக்க மாட்டீங்க."

"வந்திருக்க மாட்டேன்தான்." மாப்பிள்ளை எழுந்து நின்றார். "முதல்ல பார்க்காம நல்லா இருக்குன்னு சொன்னீங்க. அப்புறம் பார்த்துட்டு இல்லைன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் உடைச்சிட்டேன் மச்சான். அதெல்லாம் உடைய வேண்டியதுதான். ஆனா உடைக்கறப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சீங்களா?"

துணிவு சாரின் புத்தகத்தில் இப்படிப்பட்ட நேரத்துக்கென்றே ஒரு அத்தியாயம் இருந்தது. அதில் ஒரு வரிகூட வாயில் வரவில்லை. "இல்லை" என்றார்.

பக்கத்து மேஜையில் ஒருவர் மெதுவாக இயந்திரத்தை ஓட்ட ஆரம்பித்தார். பார்க்கச் சங்கடமாக இருந்திருக்கும். மாப்பிள்ளை துணியில் இருந்த பற்களை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அதனதன் இடத்தில் போட்டார்.

"பல்லு இல்லாம வாய் எப்படி வைக்கறதுன்னு எனக்குத் தெரியாது மச்சான்."

"மூடின வாய். அவ பேசாம நிக்கறப்ப எப்படி இருக்குமோ, அப்படி."

"அவ பேசாம நின்னு நான் பார்த்ததே இல்லையே!"

"நான் பார்த்திருக்கேன்" என்றார் துணிவு சார். "போன வாரம் உங்க வீட்டுச் சமையலறை வாசல்ல."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வருவது போல வந்து, வராமல் போனது. "அப்படின்னா சாயங்காலம் வந்து பக்கத்துல உட்காருங்க. எங்க கோணலா வருதோ, அங்கயே சொல்லுங்க. நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு. பூசி மெழுகக் கூடாது. அவகிட்ட மட்டும் நான் சொல்ல மாட்டேன், நான் ஏன் திரும்பவும் மண்ணுல கை வைக்கறேன்னு. நீங்கதான் சொல்லணும்."

"நானா?"

"பின்ன? மைக் வேணுமா?" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை முகமூடியை ஏற்றிக்கொண்டார்.

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் துணிவு சார் கைப்பேசியை எடுத்தார். ஒரு மூடிய கடையின் ஷட்டரோரம் ஒதுங்கி நின்று தங்கைக்கு அடித்தார்.

"சொல்லு அண்ணா" என்றாள். பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பாட்டு போட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

"அவர் லேப்புலதான் இருக்கார், வேலைக்கு ஒண்ணும் ஆபத்தில்லை" என்று முதலில் சொன்னார். "ஆனா மண்ணை விட வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அன்னைக்கு நான் உங்க ரெண்டு பேர்கிட்டயும் பொய் சொன்னேன். ஜன்னல்கிட்ட இருக்கே, அது நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. உன் கையில டீ ஆடினதைப் பார்த்துட்டு அதை மறைச்சுட்டேன். இனிமே அவரை நிறுத்த முடியாது. நிறுத்தவும் கூடாது. நீ என்னைத் திட்டு."

மறுமுனையில் பாட்டு நின்றது. அவள் திட்டவில்லை. வைக்கவும் இல்லை. தெருவில் ஒரு வண்டி அவரை உரசிக்கொண்டு போனது. துணிவு சார் கைப்பேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த மௌனத்தைக் கேட்டார். இந்த நிமிஷம் அவள் உதடு எப்படி இருக்கும் என்று, ஓரம் எங்கே இறங்கியிருக்கும், கீழுதடு எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று, அவருக்கு அப்படியே தெரிந்தது.